ஜெயித்த பணம் எங்கே நிற்கிறது? பேஅவுட் கோளாறுகளை அறிகுறியிலிருந்து பிடிப்பது

பெங்களூரு கோரமங்கலாவில் ரம்மியும் போக்கரும் நடத்திய ஒரு நிறுவனத்தின் பேஅவுட் குழுவில், அதாவது ஜெயித்தவர்களுக்குப் பணம் அனுப்பும் குழுவில், சில வருஷம் இருந்தேன். ஆறு பேரில் நாலு பேர் தமிழ். 2025 ஆகஸ்ட் 20-இல் மக்களவை, 21-இல் மாநிலங்களவை, 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்தது. திறமையாட்டமோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் காசு கட்டி ஆடுவது எதுவும் இந்தியாவில் கூடாது என்று ஆனது. குழு கலைந்தது. இரண்டு பேர் இங்கேயே பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற சிலர் லண்டன், மால்டா என்று அங்கங்கே உரிமம் உள்ள நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். "அண்ணே, இந்த மாதிரி ஆகுது, என்ன பண்றது?" என்று வாட்ஸப்பில் கேள்வி வருவது மட்டும் நிற்கவில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் அந்த நாளையது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆட்டக் கணக்கில் யார் எவ்வளவு ஜெயித்தார் என்று இருக்கும். வாலட் கணக்கில் அவர் பேரில் எவ்வளவு நிற்கிறது என்று இருக்கும். வங்கிக் கணக்கில் நிஜமாக எவ்வளவு வெளியே போனது என்று இருக்கும். கோளாறு எப்போதும் இவற்றில் ஏதோ இரண்டுக்கு நடுவில்தான். திரையில் வரும் பிழைச் செய்தியை நம்பி இறங்காதீர்கள். அதை எழுதியவர் அந்த நிலைமையைப் பார்த்திருக்கவே மாட்டார்.

அறிகுறி: பணம் போனதா இல்லையா என்றே தெரியவில்லை

இதுதான் அடிக்கடி வருவது. அதிக நஷ்டம் தருவதும் இதுதான். வங்கிக்குக் கோரிக்கை போகிறது, முப்பது விநாடியில் பதில் வராமல் டைம்-அவுட். திரையில் சிவப்பாக "தோல்வி". ஆடியவர் சப்போர்ட்டில் கத்துகிறார். பணியில் இருப்பவர் மறுபடி அனுப்பும் ரீட்ரை பொத்தானை அழுத்துகிறார்.

ஒரு ஞாயிறு இரவு எங்கள் ஆள் அப்படித்தான் அழுத்தினார். டோர்னமென்ட் முடிந்த நேரம். ₹11,400 முதல் முறையே போய்ச் சேர்ந்திருந்தது. பதில் மட்டும்தான் வரவில்லை. ரீட்ரையில் இன்னொரு ₹11,400 போனது. காலையில் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தபோது ஒரே பெயர், ஒரே தொகை, ஆனால் இரண்டு வரியிலும் வங்கி தந்த 12 இலக்க எண் வேறு வேறு. அந்த எண் வேறாக இருந்தால் வங்கியைப் பொறுத்தவரை அவை இரண்டு தனிப் பரிவர்த்தனைகள். ஆடியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "நீங்கதானே சார் அனுப்பினீங்க?" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வழி இது. ஒரு பேஅவுட்டுக்கு நம் பக்கத்து குறிப்பு எண் ஒன்றே ஒன்று. எத்தனை முறை முயன்றாலும் அதே எண் போக வேண்டும். புது எண் உருவானால் அது புதுப் பேஅவுட். எங்கள் ரீட்ரை பொத்தான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் உருவாக்கியது, கோளாறு அவ்வளவுதான். வெற்றி, தோல்வி என்ற இரண்டு நிலைகளோடு "தெரியவில்லை" என்று மூன்றாவது நிலை கட்டாயம் வேண்டும். அந்த நிலையில் இருக்கும் பணத்தை யாரும் தொடக்கூடாது, "பணம் போனதா?" என்று வங்கியைக் கேட்கும் நிலை விசாரணை மட்டும் போக வேண்டும். அந்த விசாரணையையும் நம் குறிப்பு எண்ணை வைத்துத்தான் கேட்க வேண்டும். டைம்-அவுட் ஆனபோது வங்கி எண் நம் கைக்கு வந்திருக்கவே வந்திருக்காது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் ஐஎம்பிஎஸ், யுபிஐ வழியில் நம் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராமல் போனால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு ₹100 ஈடு. ஆகவே மறுநாள் முடியும்வரை ரீட்ரை என்ற பேச்சே கூடாது. நெஃப்ட் வேறு ரகம், அது பரிமாற்றங்களைச் சேர்த்துத் தொகுப்புத் தொகுப்பாக அனுப்பும். அனுப்பும்போது "வெற்றி" என்று வரும், ஆனால் அது தொகுப்பில் ஏறியது என்று மட்டும்தான் பொருள். கணக்கு எண் தவறாக இருந்தால் தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பணம் தனி வரவாகத் திரும்பும். அந்த வரவை எதனோடு பொருத்துவது என்று சிஸ்டத்துக்குச் சொல்லித் தராவிட்டால், யாரோ நமக்குக் காசு போட்டதாக அது மகிழ்ந்துபோகும். ஐரோப்பாவில் யூரோவை வங்கிக்கு வங்கி அனுப்பும் முறை செபா. அதன் உடனடிப் பரிமாற்றத்தில் பத்து விநாடியில் பதில் வந்தாக வேண்டும் என்பது விதி. பழைய செபாவோ சனி, ஞாயிறு நகராது. வெள்ளி இரவு டோர்னமென்ட் பரிசைப் பழைய செபாவில் அனுப்பிவிட்டு, சனிக்கிழமை "இன்னும் வரலையே" என்று தேடி அலைந்த நண்பர் இருக்கிறார்.

அறிகுறி: பெயர் பொருந்தவில்லை என்று திரும்புகிறது

இதைத் தமிழர்கள் படித்தே ஆகவேண்டும், ஏனென்றால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் நாம்தான்.

ஓசூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வங்கிப் புத்தகத்தில் கே. முருகன். ஆதாரில் முருகன் கே. பான் அட்டையில் முருகன் கந்தசாமி, காரணம் பான் விண்ணப்பம் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலை ஏற்காது. விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. ஆட்டத் தளத்தில் பதிவு செய்தபோது வெறும் முருகன். நாலு இடத்தில் நாலு பெயர், ஆள் ஒருவர்தான். ஒரு ரூபாய் அனுப்பிக் கணக்கின் பெயரைச் சரிபார்க்கும் முறையில் வங்கி "கே முருகன்" என்று திருப்பித் தருகிறது. நம் நிரல் அதைப் பானோடு ஒப்பிடுகிறது. கந்தசாமி என்ற சொல் அங்கே இல்லவே இல்லை. பொருத்தம் பாதிக்கும் கீழே, பேஅவுட் நிறுத்தம்.

வடக்கே இருந்து வாங்கிய அந்தப் பெயர் பொருத்தும் மென்பொருள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற வார்ப்பிலேயே செய்யப்பட்டது. எங்கள் தயாரிப்பு மேலாளரிடம் இதைப் புரியவைக்க என் பான் அட்டையையும் பாஸ்புக்கையும் மேசையில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. "அப்படின்னா உங்க சர்நேம் என்ன?" என்றார். "அது எனக்கு இல்லை" என்றேன். நம்பவில்லை.

பிறகு செய்தது: ஒற்றை எழுத்தை இனிஷியலாக எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் அதே எழுத்தில் தொடங்கும் சொல் இருந்தால் பொருத்தம் என்று கொள்வது, சொற்கள் எந்த வரிசையில் வந்தாலும் சரி என்பது, புள்ளி, இடைவெளியைக் கழித்துவிடுவது. முருகனுக்கும் முருகனுக்கும் நூறு சதவீதம், கே-க்கும் கந்தசாமிக்கும் பொருத்தம், ஆள் கடந்துவிடுவார். ஒரே எச்சரிக்கை: இனிஷியல் மட்டும் பொருந்தி முக்கியப் பெயர் மாறினால் விடக்கூடாது. கே. முருகனும் கே. மாலதியும் ஒரே வீட்டில் இருக்கலாம். மனைவி கணக்குக்குப் பணம் எடுப்பது பாசமாக இருந்தாலும் பணமோசடித் தடுப்பு விதிக்கு அது மூன்றாம் நபர்தான்.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் இதிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்ப்பது கட்டாயம். பிரிட்டனில் அதற்கு முன்பிருந்தே உண்டு. லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் நம்மவர் பாஸ்போர்ட்டிலும் அதே இனிஷியல் பஞ்சாயத்துதான்.

அறிகுறி: எடுத்ததைவிடக் குறைவாக வந்திருக்கிறது

"₹14,000 எடுத்தேன், ₹12,800 தான் வந்தது. போன வருஷம் முழுசா வந்துச்சே?" இந்தக் கேள்விக்குச் சப்போர்ட்டில் இருந்தவர்கள் "வரி சார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கோபம் இரட்டிப்பாகும். கணக்கைக் காட்டினால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 194பிஏ பிரிவில், நிகர வெற்றியில் 30 சதவீதம் பிடித்தம் இருந்தது. அதற்கு முன் இருந்த ₹10,000 வரம்பு போய்விட்டது. நிகர வெற்றி என்பது ஒவ்வொரு ஆட்டத்தின் ஜெயிப்பும் இல்லை. அந்த நிதியாண்டில் இதுவரை எடுத்த மொத்தத்திலிருந்து, கட்டிய மொத்தத்தையும் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பையும் கழிக்க வேண்டும். ஏற்கெனவே வரி பிடித்த வெற்றி இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

நம் ஆள் ₹10,000 கட்டியிருந்தார், தொடக்க இருப்பு இல்லை. முதலில் ₹14,000 எடுத்தார். நிகரம் ₹4,000, வரி ₹1,200, கையில் ₹12,800. பிறகு ₹5,000 கட்டினார், ₹6,000 எடுத்தார். இப்போது எடுத்த மொத்தம் ₹20,000, கட்டியது ₹15,000, வரி பிடித்த வெற்றி ₹4,000. மீதி ₹1,000, வரி ₹300. அவர் முதலில் ₹14,000-க்குப் பதில் ₹8,000 மட்டும் எடுத்திருந்தால் வரியே இல்லை. போட்டது இன்னும் திரும்பவில்லையே. "போன வருஷம் முழுசா வந்துச்சே" என்பதன் பதில் இதுதான். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பதை மறந்தால் சூத்திரம் சரியாக இருந்தும் விடை தப்பும்.

சூத்திரமும் கணக்குகளும் சரியாக இருந்து, ஏப்ரல் முதல் தேதி மட்டும் தொகை தப்பினால் கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. நமக்கு மார்ச் 31 நள்ளிரவு என்பது அதற்கு மாலை 6:30. ஆக ஏப்ரல் 1 விடியற்காலை ஐந்தரை மணி வரை எடுத்தவர்களை எல்லாம் அது பழைய ஆண்டில் சேர்த்தது. அந்த ஐந்தரை மணி நேரத்துக்காக ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினோம். 

நாடு மாறினால் வரி பிடிக்கும் இடமே மாறுகிறது. பிரிட்டனில் ஆடுபவர் வெற்றிக்கு வரி கிடையாது. ஜெர்மனியில் 2021 ஜூலை முதல் ஆன்லைன் போக்கரிலும் ஸ்லாட்டிலும் பந்தயம் கட்டும் தொகையிலேயே 5.3 சதவீதம், ஜெயித்தாலும் தோற்றாலும் உண்டு. இந்தியாவில் பிடித்தது எடுக்கும்போது, ஜெர்மனியில் கட்டும்போது. பேஅவுட் நிரலில் "வரி" என்று ஒரே ஒரு கட்டம் வைத்து வெறும் சதவீதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஜெர்மனியில் மாட்டுவீர்கள்.

அறிகுறி: ஆடும்போது அனுமதி, எடுக்கும்போது மறுப்பு

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் வழியில் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டத்தில் தடை கொண்டுவந்தது. பெங்களூரில் ஆடலாம், ஓசூரில் கூடாது. 2021 ஆகஸ்ட் 3-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அக்டோபரில் கர்நாடகம் தடை போட்டது; இப்போது ஓசூரில் ஆடலாம், பெங்களூரில் கூடாது. 2022 பிப்ரவரி 14-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. பதினைந்து மாதத்துக்குள் அதே சுங்கச்சாவடியின் இரண்டு பக்கமும் தலைகீழாக மாறின. பிறகு 2023-இல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம்.

எங்கள் நிரல் செய்த தவறு, எடுக்கும் நேரத்தில் ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்தது. வெள்ளி இரவு பி.டி.எம். லேஅவுட்டில் முறைப்படி ஆடி ஜெயித்தவர், சனிக்கிழமை ஊருக்குப் போய் அங்கிருந்து பணம் கேட்டால் "உங்கள் மாநிலத்தில் அனுமதி இல்லை". சட்டம் தடுத்தது ஆடுவதை. ஏற்கெனவே அவருடையதான பணத்தைக் கொடுப்பதை இல்லை. இன்னொரு வேடிக்கை: பெங்களூரில் வாழும் நம்மவர் பாதிப் பேரிடம் இருப்பது தமிழ்நாட்டு சிம். இணைய முகவரியை வைத்து இடம் பார்த்தால் மடிவாளாவில் இருப்பவரைச் சென்னையில் காட்டும்.

இடத்தை எப்போது எழுதி வைக்க வேண்டும்? சீட்டு போடும் கணத்தில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும், ஒவ்வொரு ஆளுக்கும், ஜிபிஎஸ் உட்பட. அந்த இட முத்திரை அந்தப் பணத்தோடே கடைசிவரை போக வேண்டும். பேஅவுட்டின்போது பார்க்க வேண்டியது அந்த முத்திரையை மட்டும். ஒரே டேபிளில் பல சட்டத்துக்கு உட்பட்டவர்கள் உட்காரும் இடங்களில் இது இன்னும் கூர்மையாகும். பிரான்ஸும் ஸ்பெயினும் 2018 ஜனவரியில் போக்கர் டேபிள்களைப் பகிரத் தொடங்கின, பின்னால் போர்ச்சுகலும் சேர்ந்தது. அமெரிக்காவில் நெவாடாவும் டெலவேரும் 2014-இல் ஒப்பந்தம் போட்டன. ஒரே பாட், அதாவது டேபிளில் குவியும் பந்தயப் பணம் ஒன்றே, ஆனால் அதில் ஜெயித்தவருக்கு அவர் உட்கார்ந்திருந்த மாநிலத்தின் விதி. ஆட்டத்தின் நடுவில் ஒருவர் எல்லை தாண்டிவிட்டால் அந்த ஆட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததில் சீட்டுப் போடாமல் விடுவதா, உடனே நிறுத்துவதா என்று உரிமம் கொடுத்தவர் விதியைப் பார்த்து முன்பே எழுதி வையுங்கள். நடு இரவில் பணியில் இருப்பவர் முடிவெடுக்கும் விஷயம் இல்லை அது.

அறிகுறி: தோற்றுப்போன பேஅவுட் வாலட்டுக்குத் திரும்பியது, அப்புறம் காணோம்

ஒரு காலை சேலத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். சப்போர்ட்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாததால் என்னிடம் மாற்றினார்கள்.

"தம்பி, அவரு நேத்து நைட்டு பணத்தை எடுத்துட்டேன்னு சொன்னாரு. பேங்க்ல ஒண்ணும் வரலையே."

பார்த்தேன். 11:40-க்கு எடுக்கக் கேட்டிருக்கிறார். வங்கிப் பக்கம் கோளாறு, பேஅவுட் தோல்வி, பணம் வாலட்டுக்கே திரும்பியது. இரண்டு மணிக்குள் அத்தனையும் ஆடித் தீர்ந்திருந்தது. அவர் கணக்கு விவரத்தை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை. "அவரையே பேசச் சொல்லுங்கம்மா" என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

நிரல்படி எல்லாம் சரி. மூன்று கணக்கும் பைசா சுத்தமாகப் பொருந்தும். ஆனாலும் இதைக் கோளாறு என்றுதான் நான் வைப்பேன். ஒருவர் எடுக்கிறேன் என்று சொன்ன பணம், நம் பக்கத் தோல்வியால் திரும்பினால், ஆடக்கூடிய இருப்பில் விழக்கூடாது. தனியாக ஒரு நிறுத்தி வைத்த கணக்கில் விழுந்து, அங்கிருந்தே மறுபடி வங்கிக்குப் போக முயல வேண்டும். இதைச் செய்ய வைக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. "வாடிக்கையாளர் அனுபவம்" என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். பிரிட்டனில், எடுக்கக் கேட்ட பணத்தை ரத்து செய்து திரும்ப ஆடும் வசதியையே 2021-இல் நிரந்தரமாகத் தடை செய்துவிட்டார்கள். தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டத்துக்குக் கதவடைத்தது, ஜூன் 3-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த விதி முன்பே இருந்திருந்தால் அந்த இரவு இருபது நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

சில்லறைக் கோளாறுகள்

ஒரு பைசா இடிக்கிறது: மூவர் சமமாக ஜெயித்து ₹100-ஐப் பிரித்தால் ₹33.33 மூன்று, ஒரு பைசா அநாதை. போக்கரில் பழைய வழக்கம் உண்டு, மிச்சக் காசு டீலர் பொத்தானுக்கு இடப்புறம் முதலில் இருப்பவருக்கு. ஏதோ ஒரு விதி, எப்போதும் அதே விதி, அது போதும். தொகையைத் தசமத்தில் வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ஆனால் எல்லா நாணயத்தையும் நூறால் வகுக்காதீர்கள். ஜப்பான் யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இலக்கம்.

கார்டுக்குத் திருப்பி அனுப்ப முடியவில்லை: பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும் என்பது பொது விதி. கார்டு காலாவதியாகியிருக்கும், அல்லது அந்த வங்கி சூதாட்டத்துக்கான 7995 வணிகக் குறியீட்டையே அடைத்திருக்கும். பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் கட்டவே முடியாது. கட்டும்போதே, எடுக்க ஒரு வங்கிக் கணக்கையும் சரிபார்த்து வாங்கி வையுங்கள்.

எடுக்கும் நேரத்தில் ஆவணம் கேட்டு நிற்கிறது: பிரிட்டனில் ஆடத் தொடங்கும் முன்பே அடையாளம் சரிபார்க்க வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடியதை எடுக்கும்போது கேட்டு இழுத்தடிக்கக் கூடாது. ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவரிடம் தோற்றுக் காசை மாற்றுகிறார் என்ற சந்தேகம் வேறு. அதற்கு நிறுத்தலாம், ஆனால் காரணத்தைப் பதிவில் எழுதிவிட்டு.

அறிகுறி: எல்லாருடைய பேஅவுட்டும் ஒரே நேரத்தில் நின்றது

தனித்தனிப் பேஅவுட்டைத் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள். முதலில் பணம் அனுப்பும் கணக்கில் இருப்பு இருக்கிறதா பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான். ஆடுபவர்கள் பணம் ஒரு கணக்கில் பத்திரமாக இருக்கும், அனுப்பும் கணக்குக்கு அதை மாற்ற மறந்திருப்போம். அடுத்து வங்கியின் நாள் வரம்பு. அடுத்து பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி.

2025 ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் எங்களுக்கு நடந்தது இவை எதுவும் இல்லை. மசோதா செய்தி வந்த மாலையே எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க வந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தினோம், எடுக்கும் வழியை மட்டும் திறந்து வைத்தோம். வரிசை நீண்டு டைம்-அவுட் பெருகி, "தெரியவில்லை" நிலையில் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அன்று பழைய ரீட்ரை பொத்தான் இருந்திருந்தால் கதை கந்தல். சின்னத் தொகைகளை முதலில் விட்டோம். பலரின் பதற்றம் ஒரே நேரத்தில் அடங்க அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

கடைசியாக நான் லாகின் செய்த நாளில் பட்டியலில் மீதமிருந்தவை மூடிய வங்கிக் கணக்குகளும், இறந்துபோனவர்களின் வாரிசுகள் கேட்டவையும், இரண்டு இனிஷியல் வைத்திருந்த ஒரு தூத்துக்குடிக்காரரும். எங்கள் விதி ஒரு இனிஷியலுக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. அவருடையதைக் கையால் அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன்.